கடல் கடந்த கடன்சீட்டு

டென்மார்க்கின் யூட்லாந்துச் சமவெளியில் இருக்கும் சிற்றூர் கிரின்ஸ்டெட். அடுத்த ஊர் பில்லுண்ட், லெகோ கட்டைகளின் பிறப்பிடம். இலங்கைப் போருக்குத் தப்பி 1980-களில் டென்மார்க் போன தமிழ்க் குடும்பங்கள் பல, ஹெர்னிங், பிராண்டே, கிரின்ஸ்டெட் என்று இந்த வட்டாரத்தில்தான் காலூன்றின. அவர்கள் வாழும் நாட்டின் தண்டனைச் சட்டத்தில் 2019 ஏப்ரல் 1 அன்று ஒரு புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. வீட்டுக்குள்ளோ நெருங்கிய உறவிலோ ஒருவரைத் தொடர்ந்து இழிவுபடுத்தி, மிரட்டி, தன் பிடிக்குள் வைத்திருந்தால், ஓர் அடிகூட விழாவிட்டாலும் மூன்று ஆண்டு வரை சிறை.

அடிக்காமலே ஒருவரை அடக்கி வைக்க முடியும் என்று டென்மார்க் அரசுக்கு 2019இல்தான் தெரியவந்ததா? நிச்சயமாக இல்லை. 286 ஆண்டுகளுக்கு முன்பு அதே அரசின் ஆளுநர் ஒருவர், கரீபியக் கடலின் ஒரு தீவில், அந்தக் கலையை எண் போட்டு எழுதி வைத்திருந்தார். அதற்கும் முன்பே டென்மார்க்கின் கொடி நம் தரங்கம்பாடியில் ஏறிவிட்டது. அடிமை வாழ்வு என்றால் நமக்குச் சங்கிலியும் சாட்டையும்தான் நினைவுக்கு வருகின்றன. சங்கிலிக்குக் காவலாள் வேண்டும். காவலாளுக்குச் சோறும் கூலியும் வேண்டும். இதைவிட மலிவான, நீடித்து உழைக்கும் கருவி ஒன்று உண்டு. நீ எனக்குக் கடன்பட்டிருக்கிறாய் என்று சொல்லும் ஒரு சிறு சீட்டு. அது காவிரிக் கரையிலிருந்து கிளம்பி எங்கெல்லாம் போய் வந்தது என்பதுதான் இந்தக் கதை.

தரங்கம்பாடியிலிருந்து உள்நாட்டுப் பக்கம் கொஞ்ச தூரம் வந்தால் திருப்பாம்புரம். அங்குள்ள கோயில் கல்வெட்டு ஒன்று 1201ஆம் ஆண்டின் பஞ்சத்தைச் சொல்கிறது. வேளாளர் ஒருவர், பசிக்குத் தப்ப, தன்னையும் தன் இரண்டு பெண்களையும் 110 காசுக்குக் கோயிலுக்கு விற்றுக்கொண்டார். போரில் பிடிபட்டவர் இல்லை. யாரும் கையைக் கட்டி இழுத்து வரவும் இல்லை. கல்வெட்டின்படி, விற்றவரும் அவர்தான், விற்கப்பட்டவரும் அவர்தான். இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பஞ்சம் பின்னால் நின்று தள்ள, ஒரு மனிதன் தானே சம்மதித்ததாக எழுத்தில் பதிந்துவிட்டால், அதற்குப் பிறகு அவனுக்கு யாரைக் குறை சொல்ல வழி? தன் நிலைமைக்குத் தானே பொறுப்பு என்று அவன் நம்பத் தொடங்கிவிடுகிறான். கோயில் அடிமைகளின் உடலில் சூலக் குறி இடும் வழக்கமும் அந்தக் காலத்தில் இருந்தது. குறி தோலில் விழுந்தது. சம்மதம் அதைவிட ஆழத்தில் விழுந்தது.

1620இல் ஓவ கெட்டெ என்ற டேனிஷ் கடற்படைத் தலைவர் தஞ்சை ரகுநாத நாயக்கரோடு ஒப்பந்தம் செய்து தரங்கம்பாடியில் டான்ஸ்போர்க் கோட்டையைக் கட்டத் தொடங்கினார். மிளகுக்கும் துணிக்கும் வந்தவர்கள்தாம். ஆனால் சோழமண்டலக் கரையில் பஞ்சம் வரும்போதெல்லாம் மூன்றாவது சரக்கு ஒன்று துறைமுகத்துக்கு நடந்து வந்தது. 1659 முதல் 1661 வரை தஞ்சைப் பகுதி படையெடுப்பாலும் பசியாலும் சீரழிந்தபோது, நாகப்பட்டினம், பழவேற்காடு முதலிய துறைகளில் டச்சுக் கம்பெனி எட்டாயிரத்திலிருந்து பத்தாயிரம் பேர் வரை விலைக்கு வாங்கியது. பெரும்பாலோர் இலங்கைக்குப் போனார்கள்; மிச்சப் பேர் பத்தாவியாவுக்கும் மலாக்காவுக்கும். டேனிஷ்காரர்களும் இந்த வியாபாரத்தில் இறங்கினார்கள். 1706இல் தரங்கம்பாடியில் கால் வைத்து, பிறகு அங்கே தமிழ் நூல்களை அச்சிட்ட பாதிரியார் சீகன்பால்கு, மறு ஆண்டு முதன்முதலாக ஞானஸ்நானம் கொடுத்த ஐந்து பேரும் அங்கிருந்த ஐரோப்பியர் வீடுகளின் அடிமைகள். தமிழ் அச்சு வரலாறு என்று நாம் பெருமையோடு படிக்கும் பக்கத்தின் ஓரத்தில் இந்த ஐந்து பேரும் நிற்கிறார்கள்.

சோழமண்டலத்துத் துணிக்கு இன்னொரு வேலையும் இருந்தது. நம் நெசவாளர் நெய்த பருத்தித் துணிகள் கோபன்ஹேகன் போய், அங்கிருந்து ஆப்பிரிக்காவின் தங்கக் கடற்கரைக்குக் கப்பலேறின. இன்றைய கானாவின் அக்ராவில் இருந்த கிறிஸ்டியான்ஸ்போர்க் கோட்டையில், துப்பாக்கி, மதுவோடு சேர்த்து அந்தத் துணியையும் கொடுத்து மனிதர்களை வாங்கினார்கள். டேனிஷ் கொடி பறந்த கப்பல்களில் அட்லாண்டிக்கைக் கடந்த ஆப்பிரிக்கர்கள் ஒரு லட்சத்துக்கும் மேல். போய்ச் சேர்ந்த இடம் செயின்ட் தாமஸ், செயின்ட் ஜான், செயின்ட் குரோய் என்ற மூன்று கரீபியக் கரும்புத் தீவுகள். அங்கே முதலில் பறிபோனது பெயர். தாய் வைத்த பெயரை எடுத்துவிட்டு எசமானுக்குப் பிடித்த ஒரு பெயரைச் சூட்டினார்கள். ஜமைக்காவில் பிறந்த சமூகவியலாளர் ஒர்லாண்டோ பேட்டர்சன் 1982இல் வெளியிட்ட தம் நூலில் இதைச் சமூகச் சாவு என்கிறார். உயிர் இருக்கும், ஆனால் இன்னார் மகன், இன்ன ஊர், இன்ன குலதெய்வம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் மிஞ்சாது.

1733இல் செயின்ட் ஜான் தீவில் வெள்ளையர் ஒருவர் என்றால் அடிமைகள் ஐந்து பேர். ஐந்து பேரை ஒருவர் அடித்தே அடக்க முடியாது என்பது ஆளுநர் பிலிப் கார்டலினுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. அந்தச் செப்டம்பரில் அவர் பிறப்பித்த சட்டத்தைப் படித்தால் கை நடுங்கும். ஓடிப்போவோரின் தலைவனுக்குப் பழுக்கக் காய்ச்சிய இடுக்கியால் மூன்று முறை சூடு, பிறகு தூக்கு. கூட ஓடியவர்களுக்கு ஒரு கால் வெட்டு. எசமான் மன்னித்தால் ஒரு காதும் 150 கசையடியும். இவ்வளவும் உடலுக்கு. அடுத்து வருபவை மனத்துக்கு. ஓடத் திட்டமிடுவது தெரிந்தும் சொல்லாதவருக்கு நெற்றியில் சூட்டுக்குறி. காட்டிக்கொடுப்பவருக்கோ, திட்டத்தில் சேர்ந்த ஒவ்வோர் ஆளுக்கும் இவ்வளவு என்று காசு. கூடவே, சொன்னவர் பெயர் வெளியே வராது என்ற உறுதி. இந்தக் கடைசி வரிதான் எல்லாவற்றையும்விடக் கொடியது என்பேன். அன்றிரவு முதல் குடிசையில் பக்கத்தில் படுத்திருப்பவர் யார் என்ற சந்தேகம் ஒவ்வொருவருக்கும் வந்திருக்கும். எதிரே வெள்ளையர் வந்தால் ஒதுங்கி நின்று அவர் போகும் வரை காத்திருக்க வேண்டும் என்றும் ஒரு விதி இருந்தது. நாளுக்குப் பத்து முறை தன் தாழ்வைத் தானே நடித்துக் காட்ட வைக்கும் விதி. தோட்டத்தை விட்டு வெளியே போக எசமான் எழுதிக் கொடுத்த சீட்டும் வேண்டும். இந்தச் சீட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இதன் உறவுக்காரச் சீட்டு ஒன்றை நாம் இலங்கையில் பார்க்கப் போகிறோம்.

கார்டலின் சட்டம் வந்து மூன்று மாதம் முடிவதற்குள் செயின்ட் ஜான் அடிமைகள் கிளர்ந்தெழுந்து தீவின் பெரும்பகுதியை மாதக் கணக்கில் கையில் வைத்திருந்தார்கள். கலை எவ்வளவு தேர்ந்ததாக இருந்தாலும் அது முழுதாக வென்றதே இல்லை. மனக்கட்டுப்பாட்டைப் பற்றிப் பேசுகிறவர்கள் மறந்துவிடும் செய்தி இது.

அட்லாண்டிக் அடிமை வணிகத்துக்கு முதலில் தடை போட்ட ஐரோப்பிய நாடு என்ற பெயர் டென்மார்க்குக்கு உண்டு. ஆணை 1792இல், நடைமுறைக்கு வந்தது 1803இல். இடைப்பட்ட ஆண்டுகளில் வேண்டிய ஆட்களை வாங்கிச் சேர்த்துக்கொள்ளட்டும் என்று தோட்டக்காரர்களுக்கு அரசே கடன் கொடுத்தது. விடுதலை வந்தது 1848 ஜூலை 3 அன்று. செயின்ட் குரோயில் ஆயிரக்கணக்கானோர் ஃபிரெடெரிக்ஸ்டெட் கோட்டையைச் சூழ்ந்துகொண்ட பிறகு, ஆளுநர் பீட்டர் ஃபான் ஷோல்டன் வேறு வழியின்றி அறிவித்தார்.

ஆறு மாதத்தில், 1849 ஜனவரியில், தொழிலாளர் சட்டம் என்ற பெயரில் புதுக் கயிறு வந்தது. அக்டோபர் 1 முதல் அடுத்த அக்டோபர் 1 வரை ஒப்பந்தம். வேலையை விட நினைத்தால் ஆகஸ்ட் மாதத்தில் மட்டுமே சொல்லலாம். சொல்லத் தவறினால் இன்னோர் ஆண்டு. கூலி நாளுக்கு 15, 10, 5 சென்ட் என்று மூன்று தரம். வேலை போனால் குடிசையும் போகும், காய்கறி போட்டுக்கொண்ட கொல்லையும் போகும். முப்பது ஆண்டு பொறுத்தார்கள். 1878இல் அதே அக்டோபர் 1 அன்று செயின்ட் குரோய் பற்றியெரிந்தது. ஐம்பது தோட்டங்கள் வரை தீக்கிரையாயின. முன்னின்ற மேரி தாமஸைத் தீவு மக்கள் ராணி என்றே அழைத்தார்கள். அவருக்குக் கோபன்ஹேகனில் சிலை எழும்ப 2018 வரை ஆனது. அந்தக் கிளர்ச்சிக்கு முன்பே, 1863இல், ஆள் போதவில்லை என்று கல்கத்தாவிலிருந்து மார்ஸ் என்ற கப்பலில் முந்நூற்றுச் சொச்சம் இந்தியர்களையும் ஒப்பந்தக் கூலிகளாக அந்தத் தீவுக்குக் கொண்டுபோனார்கள். ஐந்தாண்டில் பெரும்பாலோர் திரும்பிவிட்டார்கள்.

நம் பக்கம் என்ன நடந்தது? 1843ஆம் ஆண்டின் ஐந்தாம் சட்டம், அடிமை உரிமையை இந்திய நீதிமன்றங்கள் இனி ஏற்காது என்றது. 1844இல் இலங்கையிலும் அடிமைமுறை ஒழிந்தது. சரியாக அதே ஆண்டுகளில்தான் கண்டி மலைகளில் காப்பித் தோட்டங்கள் காட்டை அழித்துக்கொண்டு மேலேறின. ஆளை வாங்க முடியாது. ஆனால் ஆள் வேண்டும். அந்த இடைவெளியில் முன்பணம் வந்து உட்கார்ந்தது. 1859இல் இந்திய அரசு கொண்டுவந்த பதின்மூன்றாம் சட்டம், முன்பணம் வாங்கிவிட்டு வேலைக்கு வராத தொழிலாளியைக் குற்றவாளி ஆக்கியது. மற்ற எவருக்கும் கடன் பாக்கி என்பது சிவில் வழக்கு. கூலித் தொழிலாளிக்கு மட்டும் அது சிறைவாசல். 1920-களின் நடுப்பகுதி வரை அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது.

இலங்கைக்கு ஆள் சேர்த்தவர் கங்காணி. வெள்ளைக்காரத் துரைக்குத் தமிழ்ச் சிற்றூரின் கதவு திறக்காது; கங்காணிக்குத் திறக்கும். அவர் அதே ஊர்க்காரர், பலமுறை அதே சாதிக்காரர், தூரத்து மாமனோ சித்தப்பனோ. திருச்சி, மதுரை, சேலம், புதுக்கோட்டை, ராமநாதபுரம் சீமைகளில் மழை பொய்த்த ஆண்டில் அவர் திண்ணையில் வந்து அமர்ந்தால், கையில் காசு இருக்கும். ஊர்க் கடனை அடைக்கக் கொஞ்சம், வழிச்செலவுக்குக் கொஞ்சம். ‘கோஸ்ட் அட்வான்ஸ்’ என்று தோட்டங்கள் கணக்கெழுதிய அந்தப் பணம் துரையிடமிருந்து கங்காணிக்கு வந்தது. கங்காணி அதைத் தலைக்கு இவ்வளவு என்று பங்கிட்டு ஆட்களின் பேரில் எழுதினார். ராமேசுவரத்திலிருந்து தோணியில் மன்னார்க் கரை, அங்கிருந்து காட்டு வழியே மாத்தளைக்குக் கால்நடை. வழியில் காலராவுக்கும் காய்ச்சலுக்கும் பலியானவர்கள் ஏராளம். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், எந்தத் தோட்டத்துக்குரிய ஆள் என்று எண் பொறித்த தகர வில்லை ஒன்றும் கழுத்தில் ஏறியது. தொழிலாளி தோட்டத்தில் முதல் கொழுந்தைக் கிள்ளும் முன்பே கடன்காரர் ஆகியிருந்தார்.

அங்கே போனதும் கம்பளி கொடுப்பார்கள், கடன். அரிசி அளப்பார்கள், கடன். தீபாவளிக்கு முன்பணம், பிள்ளைப்பேற்றுக்கு முன்பணம், சாவுக்கு முன்பணம். விடியுமுன் பெரட்டுக் களத்தில் தலை எண்ணுவார்கள்; எண்ணிக்கையில் வந்த ஒவ்வொரு தலைக்கும் பெரிய கங்காணிக்கு நாள்தோறும் காசு. ஆக, உங்கள் உடம்புக்கு முடியாமல் நீங்கள் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசைக் குடியிருப்பில், படுத்துவிட்டால் நட்டம் மாமாவுக்கு. அவர் வந்து அதட்டுவாரா, அன்பாகக் கேட்பாரா என்பது அவர் விருப்பம். இரண்டுமே வேலை செய்யும்.

இப்போது துண்டு. தோட்டத் துரை கையெழுத்துப் போட்ட ஒரு தாள். இந்தக் கங்காணியின் கீழ் இத்தனை பேர் இருக்கிறார்கள், இவர்களின் கடன் இவ்வளவு, அந்தத் தொகையைக் கட்டுபவரிடம் இவர்களை விட்டுவிடச் சம்மதம் என்பது அதன் சாரம். கங்காணி அதை மடித்துக்கொண்டு அடுத்த மலை, அதற்கடுத்த மலை என்று போவார். ஆள் தேவைப்படும் துரை தொகையைக் கட்டுவார். கும்பல் மொத்தமும் மூட்டை கட்டும். அடிமைச் சந்தையில் கேட்ட கேள்விதான் இங்கும்: தலைக்கு என்ன விலை? ஆனால் ஆளை விற்றதாக எங்கும் எழுதவில்லை. கடனைத்தான் கை மாற்றியதாக எழுத்து. இருபதாம் நூற்றாண்டின் முதல் ஆண்டுகளில் ரப்பர் விலை ஏறி ஆள் பஞ்சம் வந்தபோது துண்டுகளின் தொகையும் ஏறிற்று. ஒவ்வோர் இடமாற்றத்திலும் கடன் கொழுத்தது. எழுதப் படிக்கத் தெரியாத தொழிலாளி, தன் பேரில் எவ்வளவு நிற்கிறது என்பதை மற்றவர் சொல்லித்தான் அறிய முடியும். சொல்பவர் மாமா. சந்தேகப்பட்டால் அது உறவுக்கே இழுக்கு.

துண்டில்லாமல் வேறு தோட்டத்தில் வேலை இல்லை. ஊருக்கு ஓடலாம் என்றால் கடல் இருக்கிறது. ஓடினாலும் ஊரில் கங்காணியின் உறவுக்காரர்கள் இருக்கிறார்கள். வெளியாட்கள் தோட்டத்துக்குள் வந்தால் அத்துமீறல் வழக்கு. தஞ்சையிலிருந்து போய் மலையகத்தின் முதல் தொழிற்சங்கத் தலைவரான கோ. நடேசய்யர், துணி வியாபாரி வேடம் போட்டுத்தான் லயங்களுக்குள் நுழைந்தார் என்று மலையகத்தில் இன்றும் சொல்வார்கள். பத்திரிகையாளரான அவர் தம் மக்களிடம் பேசச் சேலை விற்கிறவராக வர வேண்டியிருந்த அந்தக் காலத்தை எண்ணிப் பாருங்கள். தனிமைப்படுத்துவது இந்தக் கருவியின் பாதி. கடன் கணக்கு தவறு என்று சொல்ல இன்னொரு வாய் பக்கத்தில் இல்லாவிட்டால், கணக்கு சரிதான் என்று ஆகிவிடுகிறது.

1921இல் சட்டம் துண்டு முறையை ஒழித்தது. அதன் பிறகும் ஒரு தாள் இல்லாமல் இன்னொரு தோட்டத்தில் சேர முடியாதபடி பற்றுச்சீட்டு தொடர்ந்தது. போராடுகிறவருக்குத் துரை பற்றுச்சீட்டைக் கையில் கொடுத்துக் குடும்பத்தோடு வெளியேற்றுவார். முன்பு தாள் கிடைக்காமல் தவித்தவர்கள், பின்பு தாள் கிடைத்துவிடுமோ என்று பயந்தார்கள்.

இந்த முறையைப் பார்த்து எழுதிக்கொண்டவர்கள் பலர். மலாயாவின் ரப்பர் தோட்டங்களுக்கும் கங்காணி போனார்; அங்கே தோட்டத்துக்குள்ளேயே கள்ளுக்கடை இருந்தது, வாங்கிய கூலி அதே வளாகத்தில் செலவானது. ஆனைமலைக்கும் நீலகிரிக்கும் மேஸ்திரி முன்பணத்தோடு ஏறினார். வால்பாறைத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் 1969இல் ஆங்கிலத்தில் எழுதிய நாவலை இரா. முருகவேளின் ‘எரியும் பனிக்காடு’ வழியாகத் தமிழர் பலரும் அறிவார்கள். பாலாவின் ‘பரதேசி’யும் அதிலிருந்து பிறந்ததுதான். கீழே தஞ்சையில் பண்ணையாளுக்குக் கல்யாணக் கடன்தான் விலங்கு. மாப்பிள்ளை வாங்கிய கடனுக்கு, வந்த பெண்ணும் பிறந்த பிள்ளையும் அதே பண்ணையில் வேலை செய்தார்கள். தண்டனையாகப் புகட்டிய சாணிப்பாலும் சாட்டையடியும் 1944இல் பி. சீனிவாசராவ் தலைமையில் விவசாயிகள் போராடி ஒப்பந்தம் போடும் வரை நீடித்தன. திருப்பாம்புரத்துக் கல்வெட்டுக்கும் இதற்கும் இடையே இருப்பது ஏழரை நூற்றாண்டு. நிலம் அதே நிலம்.

கதையில் இப்போது எதிர்பாராத ஒரு திருப்பம். கொரியப் போரில் சிறைப்பட்ட அமெரிக்க விமானப்படையினர் சிலர், செய்யாத குற்றங்களை ஒப்புக்கொண்டார்கள். மூளைச்சலவை என்று உலகமே அலறியது. ஆல்பர்ட் பிடர்மன் என்ற சமூகவியலாளர், மீண்டு வந்தவர்களிடம் பேசி, 1957இல் ஓர் அட்டவணை வெளியிட்டார். தனிமைப்படுத்துவது, கவனத்தைத் தன் மேல் மட்டும் குவிய வைப்பது, களைப்படையச் செய்வது, மிரட்டுவது, எப்போதாவது ஒரு சலுகை காட்டுவது, எல்லாம் தன் கையில் என்று காட்டுவது, இழிவுபடுத்துவது, அற்ப விதிகளைக் கட்டாயமாக்குவது. அந்த எட்டையும் வைத்துக்கொண்டு கார்டலின் சட்டத்தையும் லயத்து வாழ்க்கையையும் படித்துப் பாருங்கள். எதிரே வரும் வெள்ளையருக்கு ஒதுங்கி நிற்பது அற்ப விதி. தீபாவளி முன்பணம் எப்போதாவது காட்டும் சலுகை. பிடர்மன் கண்டது புதிய மாயம் எதுவும் இல்லை. பழைய தோட்டத்துக் கலை சிறைக்குள் போயிருந்தது, அவ்வளவுதான்.

அந்த அட்டவணைக்கும் விசித்திரமான ஆயுள். சித்திரவதையை எதிர்ப்பவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். கணவனிடம் அடிபட்ட பெண்களுக்குப் புகலிடம் நடத்தியவர்கள், ஒவ்வொரு வரியிலும் தங்களிடம் வரும் பெண்களின் கதை இருப்பதைக் கண்டார்கள். 2002இல் குவாண்டானாமோ சிறையில் விசாரணை அதிகாரிகளுக்குப் பாடம் நடத்தியவர்களும் அதே அட்டவணையைப் படியெடுத்துக்கொண்டார்கள் என்பது பின்னால் வெளியானது. எச்சரிக்கையாக எழுதியதைச் சிலர் செய்முறையாகப் படித்தார்கள்.

நீதிமன்றங்கள் மெதுவாகத்தான் வந்து சேர்ந்தன; இதில் இந்தியா முந்திக்கொண்டது. 1976இன் கொத்தடிமை ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகு, 1982இல் ஆசிய விளையாட்டுக் கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம், வேறு வழியே இல்லாத வறுமையின் நெருக்கடியும் பலவந்தம்தான் என்றது. 1983இல் பந்துவா முக்தி மோர்ச்சா வழக்கில், கட்டாய உழைப்பு நடக்கிறது என்றால் அதன் பின்னால் முன்பணம் இருப்பதாகவே எடுத்துக்கொள்ளலாம், இல்லை என்று காட்ட வேண்டியவர் முதலாளிதான் என்றது. அமெரிக்காவில் அதற்கு நான்கரை ஆண்டு கழித்து நேர்மாறான தீர்ப்பு. மிச்சிகன் பால்பண்ணை ஒன்றில் அறிவுவளர்ச்சி குன்றிய இருவர், வாரத்தில் ஏழு நாளும், பல நாள் 17 மணி நேரமும், கடைசியில் கூலியே இல்லாமல் உழைத்தார்கள். பூட்டு பெரிதாக எதுவும் இல்லை. போகக்கூடாது என்ற சொல்லும், வெளியாரோடு பேச விடாத தனிமையும்தான். மனத்தைக் கட்டியது மட்டும் போதாது, உடல் பலமோ சட்ட மிரட்டலோ இருந்தால்தான் குற்றம் என்றது அந்நாட்டு உச்ச நீதிமன்றம். அதைத் திருத்த 2000இல் தனிச் சட்டம் வேண்டியிருந்தது. இங்கிலாந்தும் வேல்ஸும் 2015இல் உறவுக்குள் நடக்கும் கட்டுப்பாட்டைக் குற்றமாக்கின, டென்மார்க் 2019இல்.

ஆனால் கிரின்ஸ்டெட்டிலிருந்து தெற்கே வண்டியில் ஒன்றரை மணி நேரம் போனால் ஜெர்மன் எல்லையில் பாட்போர்க் என்ற ஊர். 2018இன் இறுதியில், அங்கே பிலிப்பைன்ஸ் லாரி ஓட்டுநர்கள் நெருக்கமான தகரக் கொட்டகைகளில் குடியிருப்பதை டேனிஷ் தொழிற்சங்கப் பத்திரிகை ஒன்று வெளிக்கொண்டு வந்தது. டென்மார்க்கில் யாருக்கும் கொடுக்கத் துணியாத கூலி. வேலை ஒப்பந்தம் போலந்துக் கம்பெனி பேரில். அதை விட்டால் ஐரோப்பாவில் தங்கும் உரிமையும் போகும். அவர்களில் சிலரை ஆள்கடத்தலுக்கு உள்ளானவர்கள் என்றே டென்மார்க்கின் ஆள்கடத்தல் தடுப்பு மையம் அடையாளம் கண்டது. துரையின் துண்டு அங்கே விசாவாக மாறியிருந்தது.

திருப்பூர், கோவை, திண்டுக்கல் நூற்பாலைகளில் அது வேறு உருவெடுத்தது. சுமங்கலித் திட்டம் என்று பேர். மூன்று ஆண்டு ஆலை விடுதியில் தங்கி வேலை செய்தால் கடைசியில் மொத்தமாக ஒரு தொகை, கல்யாணத்துக்கு ஆகும் என்றார்கள். இங்கே கடன்பட்டவர் முதலாளி. ஆனாலும் கட்டுண்டவள் பதினாறு வயதுப் பெண்தான். இரண்டரை ஆண்டு முடிந்த நிலையில் உடம்பு கெட்டாலும், மேற்பார்வையாளர் தொந்தரவு செய்தாலும், விட்டுப் போனால் அந்தத் தொகை கிடைக்காது. வெளியே போகத் தடை, கைப்பேசிக்குத் தடை. 2022இல் மியான்மரில் இணைய மோசடிக் கூடங்களிலிருந்து மீட்கப்பட்டுத் தமிழ்நாட்டு இளைஞர்கள் சென்னை வந்திறங்கினார்கள். தாய்லாந்தில் கணினி வேலை என்று நம்பிப் போனவர்கள். இத்தகைய கூடங்களிலிருந்து மீண்டவர்கள் சொல்வதைக் கேட்டால், ஒரு கம்பெனி அவர்களை அடுத்ததிடம் விற்கிறது. கொடுத்த விலை அவர்கள் பேரில் கடனாக ஏறுகிறது. அதைக் கட்டினால் விடுதலை. மலை மலையாகத் துண்டைத் தூக்கிக்கொண்டு திரிந்த கங்காணிக்கு இதில் புதிதாகக் கற்க ஒன்றும் இருக்காது.

மீண்டு வருகிறவர்களிடம் எங்கும் கேட்கும் கேள்வி, ஏன் ஓடி வரவில்லை? செங்கல் சூளையிலிருந்தும் அரிசி ஆலையிலிருந்தும் மீட்கப்படும் இருளர் குடும்பங்களிடம் அதிகாரிகளும் பத்திரிகையாளர்களும் இதையே கேட்கிறார்கள். கேள்வியில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. பதில் அவர்கள் வாழ்க்கையிலேயே இருக்கிறது. ஊரில் ஒரு சாவு என்றால் சூளைக்காரர் கணவனை அனுப்புவார், மனைவியையும் குழந்தையையும் நிறுத்திக்கொள்வார். ஆயிரம் கல்லுக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில் எவ்வளவு கழிந்தது என்பது பருவம் முடிந்து கணக்குப் பார்க்கும்போதுதான் தெரியும்; அப்போதும் பாக்கி நிற்கும். எல்லாவற்றுக்கும் மேலே, வாங்கின காசைக் கொடுக்காமல் ஓடியவன் என்ற பேர் தனக்கும் பிள்ளைக்கும் வரக்கூடாது என்ற எண்ணம். இந்தக் கருவி மனிதனின் அறியாமையைவிட அவனுடைய நாணயத்தைத்தான் அதிகம் பயன்படுத்துகிறது. கடனை மதிக்காதவனை எந்தக் கங்காணியும் சேர்க்க மாட்டான். வாக்குத் தவறாதவர்கள், பெண்டாட்டி பிள்ளையை விட்டு ஓடாதவர்கள், உறவை நம்புகிறவர்கள்: இவர்களிடம்தான் அது பலிக்கும். அவர்களைக் கோழைகள் என்றோ ஏமாளிகள் என்றோ பேசுவதை என்னால் பொறுக்க முடிவதில்லை.

1976 சட்டத்தை எழுதியவர்கள் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். அதன் ஆறாம் பிரிவு கொத்தடிமைக் கடன் முழுவதும் ரத்து என்கிறது. ஒன்பதாம் பிரிவு இன்னும் ஒருபடி போகிறது: ரத்தான அந்தக் கடனுக்கு, விடுபட்டவர் கொடுக்கும் பணத்தை வாங்கிக்கொள்வதே குற்றம், மூன்று ஆண்டு வரை சிறை. விடுதலையானவர்களும் திரும்பி வந்து கடனைக் கட்ட முயல்வார்கள் என்பதைச் சட்டமே முன்கூட்டி அறிந்து, வாங்கும் கையைத் தடுத்திருக்கிறது. மீட்கும் நாளில் கோட்டாட்சியரோ சப்-கலெக்டரோ தரும் விடுதலைச் சான்றிதழ்தான் துண்டுக்கு எதிர்த்தாள். அதோடு உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்கும். ஒரு லட்சத்திலிருந்து மூன்று லட்சம் வரையிலான முழு மறுவாழ்வுத் தொகையையோ மத்திய அரசின் திட்டம் முதலாளி தண்டனை பெறுவதோடு கட்டிப்போட்டிருக்கிறது. அந்த வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடக்கின்றன. அதற்குள் அடுத்த பருவத்துக்கு மேஸ்திரி முன்பணத்தோடு வந்துவிடுகிறார். அந்த முடிச்சை அவிழ்க்கப் புதுச் சட்டம்கூட வேண்டியதில்லை. திட்டத்தில் ஒரு வரியை மாற்றினால் போதும்.